கோப்பு பெயர்ந்தது, எழுத்து பெயர்ந்ததா? பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்குத் தமிழ் வந்த வரலாறு



துவாஸ் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன தொழிற்சாலைகளும், ஊழியர் தங்கும் விடுதிகளும், 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மலேசியாவுக்கான இரண்டாம் இணைப்புப் பாலமுமே ஆகும். இன்று அப்பெயருடன் ஒரு துறைமுகமும் சேர்ந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நகரை ஒட்டியுள்ள பழைய முனையங்களின் பணிகள் படிப்படியாக அங்கே இடம்பெயர்ந்து வருகின்றன. 2040களில் அது முழுமையடையும்போது ஆண்டுக்கு ஆறரைக் கோடி கொள்கலன்களைக் கையாளும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது.

ஒரு துறைமுகமே இடம்பெயர முடிகிறதென்றால் அதற்குக் காரணம் என்ன? கொள்கலன்தான். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அதற்கு முன்னர் மூட்டை, பெட்டி, பீப்பாய் எனப் பலவகைச் சரக்குகளைத் துறைமுகத் தொழிலாளர் தோளில் சுமந்து ஏற்றி இறக்கினர். அவர்களுள் தமிழரும் பலர். ஒவ்வொரு சரக்கிற்கும் ஒவ்வோர் அளவு, ஒவ்வொரு முறை. கொள்கலனுக்கு உலகம் முழுவதும் பொதுத் தர அளவுகள், ஒரே மூலைப்பூட்டு. எனவே சென்னையில் ஏற்றிய பெட்டியைத் துவாஸில் திறந்து பார்க்காமலேயே வேறு கப்பலுக்கு மாற்றலாம்.

அதே துவாஸின் தென்பகுதியில் 2000ஆம் ஆண்டு முதல் பெரியதொரு குப்பையெரி ஆலை இயங்கி வருகிறது. நம் வீட்டுக் குப்பை அங்கே எரிந்து சாம்பலாகி, துவாஸ் கடல்முனையிலிருந்து படகேறிச் செமாக்காவ் தீவின் நிரப்பிடத்தை அடைகிறது. அவ்வழியே சென்ற எதுவும் திரும்பி வருவதில்லை.

பழைய கணினியில் உள்ள நம் தமிழ்க் கோப்புகளுக்கு முன்னாலும் இவ்விரு வழிகளே உள்ளன. ஒன்று, பொதுத் தரம் என்னும் கொள்கலனில் ஏறி அடுத்த கணினிக்குச் செல்வது. மற்றொன்று, கணினியோடு சேர்ந்து அழிவது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. அதனால் பல வீடுகளில் பழைய கணினியை அகற்றிப் புதியது வாங்கும் பணி நடைபெற்று வருகிறது. இந்நேரத்தில் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது பயன் தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எழுத்தா, எண்ணா?

ஆங்கிலத்தில் 1996ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தைப் புதிய கணினியில் திறந்தால், பெரும்பாலும் அப்படியே படிக்கலாம். அதே ஆண்டில் எழுதிய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் கொம்புகளுமே திரையில் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுவோர் உண்டு. உண்மையில் கோப்பு கெடவில்லை. அதைப் படிக்கும் திறவுகோல்தான் பழைய கணினியிலேயே தங்கிவிட்டது.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது மனிதர் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆங்கிலத்திற்கு 128 இடங்கள் கொண்ட ஆஸ்கி என்னும் உடன்பாடு 1960களிலேயே அமைந்துவிட்டது. பிற்காலக் கணினிகளில் இடங்கள் 256 ஆகப் பெருகின. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு என்றால் எஞ்சுவன 128 மட்டுமே. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. கிரந்த எழுத்துகள் வேறு. அவை அனைத்தையும் அந்தச் சிறு இடத்தில் அடைக்க இயலாது.

எனவே அன்றைய தமிழ் அறிஞர்கள் எழுத்துகளைத் துண்டுகளாக்கினர். கொம்பு ஓர் எண், ககரம் ஓர் எண், கால் ஓர் எண். அம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் திரையில் ‘கொ’ தோன்றும். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோத்ததைப் போன்றதே இம்முறை. ஆனால் எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில் ஒருவருக்கொருவர் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டது.

வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் பரவிய பாமினி எழுத்துரு இவ்வகையினது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளே. பாமினி உள்ள கணினியில் அது தமிழ். பாமினி இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குறிகளின் வரிசை.

சிங்கப்பூரில் எழுந்த முயற்சிகள்

கணினித் தமிழின் தொடக்கக் காலம் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது. 1980களில் கனடாவில் ஆதமி என்னும் மென்பொருள் உருவானது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைப் படைத்தார். அது பின்னர் முரசு அஞ்சல் எனப் புகழ்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். இவர்களில் பெரும்பாலோர் தம் தொழிலோடு தமிழுக்காகத் தம் சொந்த நேரத்தையும் செலவிட்டவர்கள்.

சிங்கப்பூரில் இப்பணியில் முன்நின்றவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். நம் ஆசிரியர்கள் பலருக்குக் கற்பித்தவர். சிறுகதையாசிரியராகவும் விளங்கி 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றவர். அவர் உருவாக்கிய கணினித் தமிழ் முறைக்குச் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் நினைவாகக் ‘கணியன்’ என்று பெயரிட்டார். இன்று நாம் இயல்பாக வழங்கும் ‘இணையம்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே என்பது பரவலான கருத்து.

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோருடன் இணைந்து அதன் தமிழ்ப் பகுதியை அமைத்தவர் நா. கோவிந்தசாமி. இணையத்தில் தோன்றிய முதல் தமிழ்ப் பக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 1997ஆம் ஆண்டு மே மாதம் தமிழ் இணையத்திற்கான முதல் பன்னாட்டு மாநாடும் சிங்கப்பூரிலேயே நடைபெற்றது. ஆளுக்கொரு குறியீடு என்னும் நிலை தொடர்ந்தால் தமிழ் இணையத்தில் சிதறிவிடும் என்ற கவலையே அங்கு கூடியோரை ஒன்றுசேர்த்தது. 1999ஆம் ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி மறைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைக்கூட எட்டவில்லை.

அதே 1997ஆம் ஆண்டில்தான் நம் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 200 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டிற்குள் பாடநேரத்தில் 30 விழுக்காடு கணினிவழிக் கற்றலுக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் இலக்கு. கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கணினியில் பயிற்சித்தாள் தயாரித்தபோது தமிழாசிரியரும் பின்தங்கவில்லை. நாடகங்கள், நன்னெறிக் கதைகள், செய்யுள் விளக்கங்கள், பேச்சுப்போட்டி உரைகள் என எத்தனையோ படைப்புகளை அவர்கள் இரவு கண்விழித்துத் தட்டச்சுச் செய்தனர்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. தமிழுக்கு ஒரே தரம் நிலைபெறாத அந்த ஆண்டுகளில்தான் நம் ஆசிரியர்களின் முதல் தலைமுறைக் கணினிப் படைப்புகள் பிறந்தன. எனவே அவற்றுள் பெரும்பகுதி அவரவர் கணினியில் இருந்த எழுத்துருவை நம்பியே எழுதப்பட்டது.

தரப்பாடு தேடிய ஆண்டுகள்

1997ஆம் ஆண்டு மாநாட்டுக்குப் பின் தரப்பாட்டு முயற்சிகள் விரைவடைந்தன. பல நாட்டுத் தமிழரும் மின்னஞ்சல் குழு வழியே விவாதித்துத் திஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். அதில் கீழ்ப்பாதி ஆங்கிலத்திற்கும் மேற்பாதி தமிழுக்கும் உரியன. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளையும், தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூரில் மீண்டும் கூடிய மாநாட்டில் உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோற்றுவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. விசைப்பலகை என்பது விரலுக்கும் கணினிக்கும் உள்ள உடன்பாடு. குறியீடு என்பது கணினிக்கும் கணினிக்கும் உள்ள உடன்பாடு. பழைய தட்டச்சு முறையில் பழகிய ஆசிரியர் தம் விரல்பழக்கத்தை மாற்றாமலேயே புதிய குறியீட்டில் எழுதலாம். 2000களில் வெளிவந்த எ-கலப்பை முதலிய இலவச மென்பொருள்கள் பலருக்கு இவ்வசதியைத் தந்தன. ‘புதிய முறைக்கு மாறினால் மீண்டும் தட்டச்சு கற்க வேண்டுமே’ என்று அஞ்சிப் பழைய எழுத்துருவிலேயே தங்கிவிட்டோர் பலர். அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லை.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் ஒருங்குறி வளர்ந்து வந்தது. 1991ஆம் ஆண்டு வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்திய அரசு 1988ஆம் ஆண்டு வகுத்த இஸ்கி என்னும் குறியீட்டை ஒட்டியே அவ்வொதுக்கீடு அமைந்தது. அதில் உயிரெழுத்துகளுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் துணைக்குறிகளுக்கும் மட்டுமே தனி இடம் உண்டு. ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது; ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்தது. இம்முறை தமிழ் இலக்கணத்தின் இயல்புக்கு ஒவ்வாதது, மெய்யே அடிப்படையாக இருத்தல் வேண்டும் என்று வாதிட்டோர் உண்டு. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறை அவ்வாதத்தின் பயனாக எழுந்ததே. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில் தமிழக அரசு ஒருங்குறியையும் அம்முறையையும் தரங்களாக அறிவித்தது.

நடைமுறையில் வென்றது ஒருங்குறியே. 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியைக் கொண்டுவந்தது. 2003ஆம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியில் தொடங்கியது. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்டுவந்த தன் மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் கொண்டுவந்தது. இன்று நம் மாணவர் கைப்பேசியில் தட்டும் தமிழும் ஒருங்குறியே. ஒருமுறை ஓர் எழுத்துக்குத் தந்த இடத்தை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் உறுதியான கொள்கை. துறைமுகங்களுக்குக் கொள்கலன் எப்படியோ அப்படித் தமிழுக்கு ஒருங்குறி வாய்த்தது.

மாற்றியின் எல்லையும் ஓலைச்சுவடியின் பாடமும்

பழைய குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற எழுத்துரு மாற்றிகள் உள்ளன. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய மாற்றியும், என்.எச்.எம். மாற்றியும் ஆயிரக்கணக்கான பக்கங்களை மீட்க உதவியுள்ளன. ஆயினும் மாற்றியில் இட்டு எடுத்தவுடன் பணி முடிந்துவிட்டதாக எண்ணுதல் கூடாது. ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

பழைய முறையில் திரையில் தோன்றும் வரிசையிலேயே துண்டுகள் பதிவாயின. ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். ஒருங்குறியில் முதலில் ககரம், பிறகு எகரக் குறி. எனவே மாற்றி ஒவ்வோர் எழுத்தையும் இடம் மாற்றி அடுக்க வேண்டும். இதில் ஒளகாரம் பெருந்தொல்லை தருகிறது. ஒளகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் ஒரே வடிவம். இடத்தைச் சிக்கனப்படுத்த எண்ணிய எழுத்துருக்கள் பல இரண்டிற்கும் ஒரே எண்ணையே தந்தன. ஆகவே கொம்பு, வகரம், ளகரம் என வரும்போது அது ‘வெள்ளி’யின் தொடக்கமா, ‘வௌவால்’ என்பதன் தொடக்கமா என்று மாற்றிக்குத் தெரியாது. ‘வௌ்ளி’ என்றும் ‘தௌிவு’ என்றும் சில பக்கங்களில் காண்கிறோமே, அப்பிழைகள் இவ்வாறு பிறந்தவையே. ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆவதும் இதன் மறுபக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருவில் எழுதிய கோப்பில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை எழுத்துருவின் பெயர் மட்டுமே காட்டும். அக்கோப்பை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்தால் எழுத்துருவின் பெயர் நீங்கிவிடும். பிறகு மாற்றியில் இட்டால் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும்.

இது நமக்குப் புதிய அனுபவமா? இல்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. குறில் எகர ஒகரத்திற்கும் நெடில் ஏகார ஓகாரத்திற்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘எரி’ என்பதா, ‘ஏரி’ என்பதா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தமும் பின்னர் அச்சு முறையின் பரவலும் இம்மயக்கத்தைப் போக்கின. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சுவடியைப் பார்த்து அப்படியே எழுதியவர்கள் அல்லர். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த ஐயர் பல சுவடிகளை ஒப்புநோக்கி, பொருளறிந்து, இலக்கணம் தெளிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தீர்மானித்தார்.

‘படி’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நகல் என்றும் பொருள் உண்டு. வாசி என்றும் பொருள் உண்டு. இரண்டும் பிரியக்கூடாது என்பதே ஓலையிலிருந்து தாளுக்கு வந்த வரலாறு கற்பிக்கும் பாடம். படித்துப் பார்க்காமல் எடுத்த படி, படி ஆகாது. கணினி ஒரு நொடியில் ஆயிரம் கோப்புகளைப் பெயர்க்கும். ஆனால் ‘வெள்ளி’யைக் கண்டு இது வெள்ளிதான் என்று சொல்லத் தமிழறிந்த ஒருவர் வேண்டும்.

மென்பொருள்கள் பட்ட பாடு

எழுத்து மட்டுமன்றி மென்பொருள்களும் இப்பெயர்ச்சியில் உதிர்ந்தன. விண்டோஸின் 64 பிட் பதிப்புகளில் 16 பிட் காலத்து மென்பொருள்கள் இயங்கமாட்டா. 1990களின் தமிழ்ச் செயலிகள் சில இவ்வாறு மௌனமாயின. நம் இதழ்களும் மலர்களும் பக்கம் அமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. 2000களில் தொடக்கப்பள்ளி மாணவருக்கெனப் பெருமளவில் உருவான அசைபட விளையாட்டுகளும் உயிரெழுத்துப் பாடல்களும் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை நம்பியிருந்தன. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியதும் அவை உலாவிகளில் ஓடாமல் நின்றன. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியோ இன்றைய கணினிகளில் இல்லை. குறுந்தட்டுக் கருவியும் அரிதாகிவிட்டது.

அச்சேறிய நூல்களுக்குக் காவல் உண்டு. சிங்கப்பூர் பொன்விழா கண்ட 2015ஆம் ஆண்டு தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவாக்கப்பட்டுத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. தொண்டூழியர் பலர் எழுத்தெழுத்தாக மெய்ப்புப் பார்த்ததால் கைகூடிய பணி அது. ஆனால் அச்சேறாதவற்றுக்கு யார் காவல்? ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டு எழுதிய பயிற்சித்தாள், தமிழ்மொழி விழாவில் குழந்தைகள் நடித்த நாடகம், பாட்டி சொல்லக் கேட்டுத் தந்தை தட்டச்சுச் செய்த குடும்பக் கதை ஆகியவை எந்த நூலகத்திலும் இல்லை. ஓய்வு பெறும் ஆசிரியரின் மேசை இழுப்பறையிலும், வீட்டு அலமாரியின் மேல்தட்டிலும்தான் இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, புதிய கணினி வந்தவுடன் பழையதை அகற்றிவிடாதீர்கள். கோப்புகள் அனைத்தும் புதிய கணினியில் தமிழாகத் தெரிகின்றனவா என்று பார்த்து முடிக்கும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டாவதாக, கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுங்கள். விண்டோஸ் கணினியில் அவற்றுக்கெனத் தனி உறை உண்டு. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னாளில் மாற்றிக்கு முதலில் தேவைப்படும் செய்தி அதுவே.

மூன்றாவதாக, பழைய கணினியில் எழுத்து சரியாகத் தெரியும்போதே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் வடிவிலும் சேமியுங்கள். முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிடுங்கள். அதன் வடிவம் பின்னர் ஒப்புநோக்கப் பயன்படும். மாற்றி கைவிட்டாலும் இன்றைய எழுத்துணரி மென்பொருள்கள் அந்தப் பக்கப் படத்திலிருந்து தமிழைப் பெருமளவு மீட்டுத் தரும்.

நான்காவதாக, மூலக்கோப்பின் மேல் கை வைக்காதீர்கள். அதன் படியொன்றை மட்டுமே மாற்றியில் இடுங்கள்.

ஐந்தாவதாக, மாற்றிய கோப்பை வரிவரியாகப் படியுங்கள். ஒளகாரம், கொம்பு, கால், புள்ளி ஆகிய இடங்களில் கண் நிற்கட்டும். உயர் வகுப்பு மாணவரையும் இப்பணியில் ஈடுபடுத்தலாம். ‘கௌ’, ‘கெள’ இரண்டின் வேறுபாட்டைப் பயிற்சித்தாளில் கற்பதைவிட, பழைய நாடகமொன்றைத் திருத்தும்போது மாணவர் ஆழமாகக் கற்பர். பெற்றோர் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து தாத்தாவின் கடிதங்களை இவ்வாறு மீட்கலாம். அது தமிழ்ப் பாடமும் ஆகும், குடும்ப வரலாறும் ஆகும்.

ஆறாவதாக, மீட்டவற்றை இரண்டு இடங்களிலாவது வையுங்கள். கோப்பின் பெயரில் பொருளும் ஆண்டும் இருக்கட்டும். ‘புதியது1’, ‘இறுதி2’ என்னும் பெயர்கள் பத்தாண்டுக்குப் பின் எவருக்கும் எதையும் உணர்த்தா.

இவை முடிந்த பின், பழைய கணினியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டா. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் மின்கழிவுகளை முறையாகத் திரட்டும் திட்டம் நடைமுறையில் உள்ளது. பெரிய மின்சாதனக் கடைகளிலும் பொது இடங்களிலும் அதற்கான சேகரிப்பு வசதிகள் உண்டு. வட்டிலுள்ள தரவுகளை அழித்துவிட்டு அங்கே ஒப்படைக்கலாம்.

நா. கோவிந்தசாமியும் அவர் காலத்து அன்பர்களும் 128 இடங்களுக்குள் 247 எழுத்துகளை அடக்கத் தம் இரவுகளைச் செலவிட்டனர். அந்த இடநெருக்கடி இன்று நமக்கு இல்லை. நம்மிடம் எஞ்சியிருப்பது எளிய வேலைதான். ஆனால் அதற்குக் கால எல்லை உண்டு. பழைய எழுத்துருவில் எழுதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, ‘ஐயா, இது என்ன சொல்?’ என்று அவர்களிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். வரும் விடுமுறையில் உங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் வீட்டில் பழைய கணினியோ தட்டுகளோ உள்ளனவா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு பிற்பகல் அவருடன் அமர்ந்து திறந்து பாருங்கள்.